பின்சீட்டு இல்லாத வண்டி

என் கணவருக்குப் பட்டறையில் பெயர் காது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே சும்மா இருந்துவிடுவார். வாசலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் "காது இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். இருக்கிறார் என்றால் இறங்கி வருவார்கள். இல்லை என்றால் "அப்ப நாளைக்கு வரேன்" என்று கிளம்பிவிடுவார்கள். பட்டறைக்கு முதலாளி என் அண்ணன். முதலாளி எதிரிலேயே நிற்கும்போது காதைத் தேடுகிறார்களே என்று அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் வெளியாள் முன்னால் மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டான்.

எங்களிடம் வருவதெல்லாம் பெரிய மனுஷர்களின் சொகுசு வண்டிகள். முன்னால் டிரைவர், பின்னால் முதலாளி, இரண்டு பேருக்கும் நடுவே மூச்சு விட்டால் கேட்கிற அமைதி. அந்த அமைதியில் எங்கேயோ ஒரு 'கிரிக்' கேட்டுவிட்டால் போதும், பெரிய மனுஷருக்குத் தூக்கம் போய்விடும். எஞ்சின் புகை கக்கினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், இதைப் பொறுக்க மாட்டார்கள். அந்த 'கிரிக்'கைத் தேடிப் பிடிப்பதுதான் என் கணவரின் வேலை. வண்டியை எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றி வருவார். இறங்கும்போதே, "இடது பக்கப் பின்கதவு, கைப்பிடிக்குக் கீழ ரெண்டாவது கிளிப்" என்பார். கதவைப் பிரித்தால் அங்கேதான் இருக்கும். அவர் "சத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டால், சத்தம் கேட்கிறது என்று வந்தவரே, "ஆமாமா, இல்லதான்" என்று மண்டையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். இருபது வருஷமாக எங்கள் பட்டறையில் அதற்கு அப்பீல் கிடையாது.

நான் அங்கே சீட் தைக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்தப் பட்டறையில் வாயில்லாதவளாக இருந்தால் என் ஊசியையும் கத்தரிக்கோலையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

போன வருஷம் அவருக்குக் காது போகத் தொடங்கியது. முதலில் எனக்குப் புரியவில்லை. வாசல் மணி அடிக்கும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், எழுந்திருக்க மாட்டார். சோம்பேறித்தனம் என்று நினைத்து நன்றாக வாங்கு வாங்கு என்று வாங்கினேன். பிறகு ஒருநாள் அவர் கைபேசி அவர் சட்டைப் பையிலேயே கதறிக்கொண்டிருக்க, அவர் அதே சட்டையோடு நிதானமாக ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.  மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்தேன். ரொம்ப நேரம் அவர் கையைத் தூக்கவே இல்லை.

மெல்லிய சத்தங்கள் ஏற்கெனவே போய்விட்டன, மற்றதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், காதுக்கருவி மாட்டிக்கொண்டால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் என் கணவர் சொன்னது இதுதான்: "காதுல மெஷின் மாட்டிட்டு நிக்கறவன்கிட்ட எவன் வண்டிய விடுவான்? உங்க அண்ணனுக்குத் தெரியக் கூடாது. பொண்ணுக்கும் தெரியக் கூடாது."

"தெரிஞ்சா என்ன பண்ணிடுவாங்க? வீட்டை விட்டுத் துரத்திடுவாங்களா?"

"துரத்த மாட்டாங்க. பாவம்னு பாப்பாங்க."

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ விஷயத்தில் அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு வழி செய்தேன். தைத்த சீட்டை ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து பார்த்தால்தான் எங்கே சுருங்குகிறது என்று தெரியும், ஆகவே இனிமேல் அவர் எடுக்கும் வண்டிகளில் நானும் பின்சீட்டில் போவேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். வலது பக்கம் சத்தம் வந்தால் அவருடைய வலது தோளில் ஒரு அழுத்து, இடது பக்கம் வந்தால் இடது தோளில். நான் கண்டுபிடிப்பது அரைகுறைதான். கதவா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்பதை அவருடைய இருபது வருஷ அனுபவம் பார்த்துக்கொள்ளும். ஒரு வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். ஒரு வாடிக்கையாளருக்கும் சந்தேகம் வரவில்லை. "புருஷனும் பொண்டாட்டியும் கஸ்டமர் வண்டியில ஊர் சுத்தறாங்கப்பா" என்று அண்ணன் மட்டும் கிண்டல் செய்வான். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் ரேஸ் என்று ஆரம்பித்தாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். பட்டறையில் வண்டிகளைக் கொண்டுவந்து கொடுக்கிற வேலை பார்க்கிறாள். லீவு கிடைத்தால் ரேஸ் மைதானத்துக்கு ஓடிவிடுவாள். அதற்கான லைசென்ஸையும் வாங்கி வைத்திருக்கிறாள். அண்ணனுக்குப் பிள்ளைகள் கிடையாது, அதனால் மருமகள் என்ன சொன்னாலும் அவனுக்கு வேதவாக்கு. பட்டறை மூலையில் ஒரு நீளமான கறுப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்கண்ணாடிகளுக்குத் திரை, இரண்டு சீட்டுக்கு நடுவே குளிர்பெட்டி, முதுகைப் பிடித்துவிடுகிற சீட். அதன் சொந்தக்காரர் புது வண்டி வாங்கிக்கொண்டு இதை அண்ணன் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

"மாமா, இத ரேஸ் வண்டியாக்கலாம்" என்றாள் மகள். "ஆறு மணி நேர ரேஸ். இதுல வேகம் பெருசில்ல, கடைசி வரைக்கும் உடையாம ஓடணும். அதுக்கு இந்த மாதிரி வண்டிதான் சரி."

"இதுல உக்காந்தா தூக்கம்தானேம்மா வரும்?"

"தூக்கம் வர்றதையெல்லாம் கழட்டிடலாம் மாமா."

அவ்வளவுதான், அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ரேஸ் ஓடினால் பட்டறை பெயர் நாலு பேருக்குத் தெரியும் என்று அன்றைக்கே ஸ்பானரைத் தூக்கிவிட்டான்.

கழற்றத் தொடங்கிய பிறகுதான் அந்த வண்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. திரை போனது. குளிர்பெட்டி போனது. மரப்பலகை ஒட்டிய கதவு உறைகள் போயின. கம்பளத்தைத் தூக்கினால் அதற்குக் கீழே நுரை, நுரைக்குக் கீழே தார் அட்டை. தரை முழுக்க ஒட்டியிருந்த அந்தத் தாரைச் சூடு காட்டிச் சுரண்டி எடுத்தது நான்தான். வெளிச் சத்தம் உள்ளே வராமல் இருக்க அந்தக் கம்பெனிக்காரன் ஒரு ஆள் கனத்துக்குத் தாரைப் பூசி வைத்திருந்தான். நகத்துக்குள் ஏறிய கறுப்பு ரொம்ப நாள் போகவே இல்லை. டயர்காரர் என்று ஒருவர் எங்களோடு இருக்கிறார். வாயைத் திறந்து பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர். அவரும் அண்ணனும் உள்ளே இரும்புக் குழாய்களை வளைத்துக் கூண்டு மாதிரி பற்றவைத்தார்கள். வண்டி உருண்டால் ஆளைக் காப்பாற்ற அது வேண்டும் என்று மகள் சாதாரணமாகச் சொன்னாள். உருளும் என்பதையே அப்போதுதான் நான் யோசித்தேன்.

வண்டிக்கோ தனக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. சீட் பெல்ட் போடவில்லை, கதவு திறந்திருக்கிறது, பின்சீட்டில் ஆளைக் காணோம் என்று அதன் கம்ப்யூட்டர் கிண் கிண் என்று நாள் முழுக்க மணி அடித்தது. ஒரு சத்தத்தை நிறுத்தினால் இன்னொன்று தொடங்கும். அண்ணனுக்கு மண்டை காய்ந்துவிட்டது. டயர்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். என் கணவர் மட்டும் அந்த மணிக்கு நடுவே தலையை உள்ளே விட்டுக்கொண்டு அமைதியாக ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பொறுமைன்னா மாப்ளகிட்ட கத்துக்கணும்" என்றான் அண்ணன். நான் தையல் மெஷினைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

பின்சீட்டை நாலு பேரும் சேர்ந்து தூக்கி வெளியே வைத்தோம். அதன் தோல் உறை நான் தைத்ததுதான், ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும். அது போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காலியாகக் கிடந்த இரும்புத் தரையைப் பார்த்தபோதுதான் சுருக்கென்றது. இனிமேல் நான் எங்கே உட்காருவேன்? முன்னால் டிரைவருக்கு மட்டும் ஒரே ஒரு சீட், மற்ற இடமெல்லாம் குழாய். தலையை நிமிர்த்தினால் அவரும் அந்தத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கரங்களுக்கு உள்ளே சுழல்கிற பேரிங்குகளையும் மாற்றிவிடலாமா என்று அண்ணன் கேட்டான். முன் சக்கரங்களுக்குப் புதிதாகப் போட்டார்கள். பின் சக்கரங்களை என் கணவர் கையால் சுற்றிவிட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. மாத்த வேண்டாம்" என்றார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

வண்டி தயாரானதும் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில் அவரே ஓட்டிப் பார்த்தார். நான் வேலியோரம் நின்றேன். உள்ளிருந்த மெத்தையையெல்லாம் உரித்த பிறகு அந்த வண்டி போட்ட இரைச்சல் இருக்கிறதே, கேட்கவே பயமாக இருந்தது. கல் அடிக்கிற சத்தம், கியர் உறுமுகிற சத்தம், எல்லாம் ஒன்றாக வந்தன. ஆனால் அவர் வேகத்தைக் குறைத்து வலது பக்கம் திரும்பும்போது அத்தனை இரைச்சலுக்கும் மேலே மெல்லிசாக ஒரு 'கீச்' கேட்டது. ஒருமுறை கேட்டால் பிரமை எனலாம். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் கேட்டது.

அவர் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். "சத்தம் இல்ல" என்றார்.

அண்ணன் ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு, "சரி, வண்டி ரெடி" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "திரும்பும்போது கீச்னு ஒண்ணு கேக்குது."

"தோல் உரிச்ச வண்டி, கத்தத்தான் செய்யும்."

"இது அந்தக் கத்தல் இல்ல. உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லியா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அதுல உக்காரப் போறது நம்ம பொண்ணு."

"தெரியும். அந்த வண்டியில ஒவ்வொரு போல்ட்டையும் நான் முறுக்கியிருக்கேன்." பிறகு, "நீ போய்ச் சொல்லிட்டா நாளையிலேருந்து அந்தப் பட்டறையில நான் யாரு?" என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷனைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்க வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

மறுநாள் அண்ணனிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "ஏண்ணா, வண்டியில ஏதாவது சத்தம் கேக்குதா உனக்கு?"

அவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "மாப்ளயே இல்லன்னுட்டார். அப்புறம் நீ என்ன, நான் என்ன" என்றான். டயர்காரரிடமும் கேட்டேன். அவர் வழக்கம்போல முத்து உதிராமல் பார்த்துக்கொண்டார்.

ரேஸ் அன்று காலையிலேயே மைதானத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. வரிசையாக வண்டிகளுக்கான கொட்டகைகள், அதில் ஒன்று எங்களுக்கு. மற்றவர்களெல்லாம் சின்னச் சின்ன வண்டிகளாகக் கொண்டுவந்திருந்தார்கள். எங்களுடையதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கொட்டகைக்காரன், "என்ன சார், கல்யாணத்துக்கா?" என்று கேட்டான். அவனை நான் ஒரு பார்வை பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். எங்களுக்கு இரண்டு ஓட்டுநர்கள். முதல் பாதியை அண்ணனின் நண்பர் ஒருவர் நிதானமாக ஓட்டிக் கொடுத்தார். எங்களை முந்திப் போன சின்ன வண்டிகள் ஒவ்வொன்றாக உடைந்து நிற்க, எங்கள் கறுப்பு வண்டி மெல்ல மெல்ல முன்னேறியது. மகள் ஏறி உட்கார்ந்தபோது முதல் பத்துப் பேருக்குள் வந்திருந்தோம். அண்ணன் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

அவனிடம் ரேடியோ இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதில் மகளின் குரல் வந்தது. "மாமா, பின்னாடி ஏதோ கீச்னு சத்தம் வர்ற மாதிரி இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அப்பா பாத்துட்டார்ல" என்றான் அண்ணன்.

"சரி மாமா. எனக்குத்தான் தோணுது போல."

 காதுள்ள பெண், காரின் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, தன் காதை நம்பாமல் அப்பாவின் காதை நம்புகிறாள். சொல்லிவிட வேண்டும் என்று அண்ணன் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். பக்கத்தில் அவர் நின்றார், தலை நிமிர்ந்து, மகள் போகிற திசையைப் பார்த்தபடி. பெட்ரோல் போட அவள் எப்படியும் உள்ளே வருவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றுவிட்டேன். அந்தச் சில சுற்றுகள் எனக்கு யுகமாகப் போயின.

வண்டி உள்ளே வந்து நின்றது. டயர்காரர் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார். அண்ணன் பெட்ரோல் ஊற்றினான். என் கணவர் ஜன்னல் பக்கம் குனிந்தார். உள்ளே மகள் ஹெல்மெட்டோடு இருந்தாள். முகமே தெரியவில்லை, கண்கள் மட்டும்தான்.

"அப்பா, வலது பக்கம் திரும்பும்போது பின்னாடி கீச்னு கேக்குது. இப்ப முன்ன விட ஜாஸ்தியா இருக்கு. நிஜமாவே சத்தம் இருக்கா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா? ஓட்டலாமா?"

அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "எல்லாம் சரியா இருக்கு. நீ போ" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியாது, தான் எதற்கோ தப்பான பதில் சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். இரண்டு கையையும் பானெட் மேல் ஊன்றிக்கொண்டார்.

"நிறுத்து. எஞ்சினை நிறுத்து."

எஞ்சின் நின்றது. "மாப்ள, என்ன பண்றீங்க, நேரம் போகுது" என்று அண்ணன் ஓடிவந்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டார்.

"அவ என்ன சொன்னா?"

"பக்கத்துல நின்னது நீங்கதானே மாப்ள?" என்றான் அண்ணன்.

"எனக்குக் கேக்கல மச்சான். காது போயிடுச்சு. ஒரு வருஷமாச்சு. அன்னிக்கு மைதானத்துல சத்தம் இல்லன்னு சொன்னேனே, அது பொய். எனக்கு எதுவுமே கேக்கல."

 அண்ணன் பெட்ரோல் கேனைப் பிடித்தபடியே நின்றான். நான் அவருக்கு நேராகப் போய் நின்று, மகள் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். வலது பக்கம் திரும்பும்போது, பின்னால், கீச், முன்னைவிட அதிகம்.

"வலது பக்கம் திரும்பினா கனம் இடது பக்கம் விழும்" என்றார். "இடது பின் சக்கரம். தூக்குங்க."

டயர்காரர் ஜாக்கியைப் போட்டார். சக்கரத்தைச் சுற்றியதும் கீச்சென்று கத்தியது, பக்கத்துக் கொட்டகைக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரம் கடகடவென்று ஆடியது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே பேரிங்கில் கிரீஸ் வற்றி, இரும்பு நீலம் பாரித்துப் போயிருந்தது. இன்னும் சில சுற்று ஓடியிருந்தால் சக்கரம் தனியாகக் கழன்று போயிருக்கும் என்றான் அண்ணன். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு அன்னிக்கே கேட்டுச்சு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "மாப்ள இல்லன்னதும், வயசாயிடுச்சு, நமக்குத்தான் காதுல கோளாறுன்னு நினைச்சேன்."

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் டயர்காரர். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தன் பெட்டியைத் திறந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பட்டறையில் பிரித்துப் போட்டிருந்த இன்னொரு வண்டியின் பின் பேரிங், அதே மாடல். "காதுகிட்ட போய்ச் சத்தம் கேக்குதுன்னு எப்படிச் சொல்றது? வாய் வரல. எதுக்கும் இருக்கட்டும்னு தூக்கிட்டு வந்துட்டேன்."

"இத்தனை பேருக்குக் காது இருந்து என்ன பிரயோஜனம்?" என்று நான் கத்தினேன். அத்தனை பேரையும் சேர்த்துத்தான் கத்தினேன், என்னையும் சேர்த்து. டயர்காரர் பேரிங்கை மாட்ட உட்கார்ந்தார்.

மகள் வண்டியை விட்டு இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். நீலம் பாரித்த அந்த இரும்பைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நான் குறுக்கே போகக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அந்த உரிமை இருந்தது.

"ஒண்ணுமே கேக்காதாப்பா?"

"அப்படி இல்லம்மா. மாமா பேசறது கேக்குது. டயர்காரர் எப்பவாவது பேசினா அதுவும் கேக்குது. கனத்த குரலெல்லாம் ஓரளவு கேக்குது. மெல்லிசா இருக்கறதுதான் முதல்ல போச்சு."

"என் குரல்?"

அவர் அவள் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். "உன் குரல்தான்மா முதல்ல போச்சு. அப்புறம் அம்மா குரல்."

எனக்கே அது தெரியாது. நான் கத்திப் பேசுகிறவள், என் குரல் கேட்காமல் எங்கே போகும் என்று இருந்துவிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு நான் பேசினால் பதில் வராது, முறைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நானும் முறைத்துக்கொண்டிருப்பேன்.  புடவையோ துப்பட்டாவோ இருந்தால் முகத்தை மூடிக்கொண்டிருக்கலாம், வேலை உடுப்பில் அதற்கு வழியில்லை. அப்படியே நின்று அழுதேன்.

"தினமும் சாப்பிடும்போது கதை கதையா சொல்வேனே" என்றாள் மகள். "சிரிப்பீங்களே."

"நீ சிரிச்சா சிரிப்பேன். நீ கையைத் தட்டிப் பேசினா யார் மேலயோ கோபம்னு தெரியும். தலையாட்டுவேன்."

"கஸ்டமர் வண்டிய செவுத்துல இடிச்சுட்டேன்னு சொன்னதுக்கும் தலையாட்டினீங்க."

"இடிச்சியா?" என்றான் அண்ணன் தரையிலிருந்து.

"லேசாத்தான் மாமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேன்மா. நீ உள்ள இருக்கேன்னு தெரிஞ்சும் போன்னு சொன்னேன். என் பேர் போயிடக் கூடாதுன்னு உன்னை அனுப்பினேன். அதை நீ மன்னிக்க வேண்டாம்."

அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையையும் உதறவில்லை.

பேரிங் மாட்டி முடிக்க ரொம்ப நேரம் பிடித்தது. முந்தி வந்த இடமெல்லாம் போய், எங்கள் வண்டி கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. ரேஸ் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. "போதும்மா, இதோட நிறுத்திக்கலாம்" என்றான் அண்ணன். அவன் குரலே சரியில்லை. மகள் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். உடையாமல் ஓடி முடிக்கத்தானே வந்தோம் என்றாள். டயர்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அண்ணன் குனிந்து கேட்டான், நான் கேட்டேன், அவளும் கேட்டாள். சத்தம் இல்லை. மூன்று பேரும் அவருக்கு முன்னால் போய் நின்று அதைச் சொன்னோம். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "அப்ப போகட்டும்" என்றார்.

அவள் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள். தலைக்கு மேல் தூக்கியவள் பாதியில் நிறுத்தினாள். வண்டியில் ஏறவில்லை. ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவருக்கு நேர் எதிரே வந்து, நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கி முகத்தை நன்றாகக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வரேன்ப்பா" என்றாள், ஒவ்வொரு எழுத்தாக.

அவர் அவள் வாயையே கடைசி வரை பார்த்தார்.

"போயிட்டு வாம்மா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் ஹெல்மெட்டை மாட்டினாள்.